ஆறு புத்தகம், நான்கு பிரதி, மூன்று புளியங்கொட்டை

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் பிள்ளைகள் வாசிக்க வருகிறார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, மொத்தம் 32 பேர். இந்த ஜூலையில் ஆரம்பித்து ஆறு வாரம் அவர்கள் படப் புத்தகங்களைப் படிப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில், தங்களுக்கு எது பிடித்தது என்று ஓட்டுப் போடுவார்கள். கையில் இருப்பது 4,000 ரூபாய், தெருக்காரர்கள் கொடுத்தது. இந்தப் பணத்துக்கு எந்த மாதிரிப் புத்தகம், ஒவ்வொன்றிலும் எத்தனை, ஓட்டை எப்படி நடத்துவது என்று ஒரு மாதமாக மண்டையைக் குடைந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இதே வேலையை உங்கள் தெருவிலோ வகுப்பிலோ செய்ய நினைத்தால், எந்த வழியை ஏன் விட்டேன், எதை ஏன் எடுத்தேன் என்பது உங்களுக்கும் உதவும்.

போன வருடமும் செய்தோம், சரியாக வரவில்லை. புத்தகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று அப்போது நினைத்தேன். அங்கே இங்கே கேட்டு 14 புத்தகம் சேர்த்தோம், எல்லாமே ஒரே பிரதி. சில கடையில் வாங்கியவை, சில இணையத்திலிருந்து இறக்கி நாங்களே அச்செடுத்து நூல் கோத்துத் தைத்தவை. மூன்று வாரம் பாயில் பரப்பி வைத்தோம். வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துப் படிக்கலாம். கடைசி நாள் ஒவ்வொரு புத்தகமாகத் தூக்கிக் காட்டி, கை உயர்த்தச் சொல்லி எண்ணினோம். ஒரு புத்தகம் 19 ஓட்டு வாங்கி ஜெயித்தது. கெட்டி அட்டை, பளபளப்பான தாள், நடுப் பக்கத்தைத் திறந்தால் மடிப்பிலிருந்து ஒரு யானை எழுந்து நிற்கும். அதற்குக் கை தூக்கிய ஒரு பையனைக் கூப்பிட்டு, அதில் என்ன கதை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "நான் படிக்கல மிஸ். அது எப்பவும் வேற யார்கிட்டயாச்சும் இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன், வழவழன்னு இருந்துச்சு" என்றான்.

அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு பிரதி, 32 பேர், மூன்று வாரம். அந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். நாங்கள் தைத்த புத்தகங்களுக்கு மொத்தமாகவே நான்கு ஓட்டுதான். அவற்றில் ஒன்று அருமையான கதை. நான் வாசித்துக் காட்டும்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் பாயில் கிடந்தபோது அதை யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் அது பார்க்கப் பரீட்சைத் தாள் மாதிரி இருந்தது. அந்த ஓட்டில் ஜெயித்தது அட்டைதான்.

அதனால் இந்த வருடம் எந்த வழியை எடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டேன்: ஓட்டுப் போடும் நாளுக்கு முன்னால் ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் போய் வந்திருக்குமா? பிள்ளைகளே ஓட்டுப் போட்டுப் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது வெளிநாடுகளில் பழைய வழக்கம். பிரிட்டனில் 1980 முதல் பிள்ளைகள் ஓட்டால் மட்டுமே கொடுக்கப்படும் விருது ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மொனார்க் விருது என்று ஒன்று. அதில் 20 புத்தகம் கொண்ட பட்டியல் இருக்கும், குறைந்தது ஐந்தையாவது படித்திருந்தால்தான், அல்லது யாராவது வாசிக்கக் கேட்டிருந்தால்தான், ஓட்டு. அந்த நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் 20 புத்தகம் என்பது பள்ளிக்கூடத்திலேயே நல்ல நூலகம் இருக்கும் இடத்துக்குச் சரிவரும். நமக்கு அது ஒத்துவராது.

சரி, புத்தகம் எங்கே கிடைக்கும்? சீக்கிரம் தள்ளிவிடக்கூடிய வழிகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகள். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகும் அந்த வியாபாரம் அல்லிக்குளம் வளாகத்தில் தொடர்ந்தது. தேடினால் வெளிநாட்டுப் படப் புத்தகங்கள் மலிவாகவே கிடைக்கும், படங்களும் கண்ணைப் பறிக்கும். ஆனால் எல்லாம் ஒற்றைப் பிரதி, எல்லாம் ஆங்கிலம். பனிமனிதன் தொப்பி போட்டிருக்கும் கதையை ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்கி முடிப்பதற்குள் மணி ஏழாகிவிடும். மாடியில் சும்மா புரட்டிப் பார்க்க நான்கைந்து வாங்கி வைக்கலாம், ஓட்டுக்கு உதவாது. கிளை நூலகமும் அப்படித்தான். அங்கே கிடைப்பதை உறுப்பினராகி எடுத்து வரலாம், எடுத்து வரவும் வேண்டும். ஆனால் ஒரே புத்தகத்தில் நான்கு பிரதி எந்தக் கிளை நூலகத்திலும் எதிர்பார்க்க முடியாது.

செல்போன் வழியை எங்களோடு வேலை செய்யும் கல்லூரித் தம்பி சொன்னார். பைசா செலவில்லை, படம் நல்ல வண்ணத்தில் தெரியும், பெரிதாக்கியும் பார்க்கலாம். ஒரு நாள் முயன்று பார்த்தோம். ஐந்தாவது நிமிடத்தில் மூன்று போனில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. அது போதும்.

அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கத்தில் கொடுத்த சின்னப் புத்தகங்கள் வேறு விஷயம். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்த அந்தப் புத்தகங்கள் வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு நல்ல துணை. 'நுழை'யில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒரு புத்தகத்தை முழுசாக முடித்துவிட்டேன் என்று ஓடி வந்து சொல்வதற்கு அது போதும். அவற்றை ஓட்டுக்கு வைக்காததற்கு ஒரே காரணம்தான். எங்களிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி. மீதிப் பேர் பக்கத்துத் தனியார் பள்ளி. சிலருக்கு ஏற்கெனவே மனப்பாடமான, மற்றவர்கள் பார்த்தே இராத புத்தகம் பட்டியலில் இருந்தால் போட்டி சமமாக இருக்காது. அதனால் அவற்றை ஒத்திகை ஓட்டுக்கு வைத்துக்கொண்டோம்.

இனி உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான்: இலவசமாகக் கிடைப்பதை நாமே அச்செடுப்பது, அல்லது அச்சான புத்தகத்தைக் கடையில் வாங்குவது.

முதல் வழிக்கு ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. பிரதம் புக்ஸ் பதிப்பகம் அதை 2015இல் தொடங்கியது. தமிழில் ஏராளமான கதைகள், எல்லாம் இலவசம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் யாரும் இறக்கலாம், அச்செடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதவும் செய்யலாம். எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களையும் உரிமக் குறிப்பையும் விடாமல் போட வேண்டும், மாற்றியிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு நிலை போதும். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் தமிழ் ஒரே தரத்தில் இருக்காது. அதனால் இறக்குவதற்கு முன்னால் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே பிள்ளைக்கும் தடுக்கும். மாற்றி எழுத அனுமதி இருப்பதால் அந்த வரியை நீங்களே சரிசெய்து கொள்ளலாம். கடையில் வாங்கும் புத்தகத்தில் இந்த வசதி இல்லை.

இலவசம் என்றுதான் நானும் இதில் இறங்கினேன். அப்புறம் கணக்குப் போட்டேன். 16 பக்கக் கதையை ஏ4 தாளில் மடித்துப் புத்தகமாக்கினால் நான்கு தாள், எட்டுப் பக்க அச்சு. எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் வண்ண அச்சு ஒரு பக்கம் பத்து ரூபாய். ஆக ஒரு பிரதி 80 ரூபாய், கொஞ்சம் கெட்டி அட்டை போட்டால் 90. அதற்கு மேல் நம் சாயங்காலம் ஒன்று மடிப்பதிலும் தைப்பதிலும் போகும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பதினைந்து, இருபது ரூபாயில் முடியும். ஆனால் படப் புத்தகத்தில் பாதிக் கதையைப் படம்தான் சொல்கிறது. போன வருடம் கறுப்பு வெள்ளையில் எடுத்த ஒரு கதையில் தொலைந்துபோன சிவப்பு ரிப்பனைப் பக்கத்துக்குப் பக்கம் தேட வேண்டும். எல்லாப் பக்கமும் சாம்பல். ரிப்பன் எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

கடைப் புத்தகத்துக்கு வருவோம். நேஷனல் புக் டிரஸ்ட் 1957இல் தொடங்கிய அரசு நிறுவனம். அவர்களுடைய நேரு பால புஸ்தகாலய வரிசையில் தமிழிலும் படப் புத்தகங்கள் உண்டு. நான் பார்த்தவை பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள், சில ஐம்பது அறுபதுக்கே கிடைத்தன. அதாவது நாங்களே வண்ணத்தில் அச்செடுப்பதைவிட மலிவு! பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' வெளியீடுகளிலும் அந்த விலையில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. தாள் மெல்லியதாக இருக்கலாம், ஒரு பிளாஸ்டிக் அட்டை போட்டால் ஆறு வாரம் தாங்கும்.

துளிகா சென்னையிலேயே 1996இல் தொடங்கிய பதிப்பகம். அவர்களிடம் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து வரும் இருமொழிப் புத்தகங்கள் கிடைக்கும். எங்கள் பகுதிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று வடசென்னையில் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். எங்கள் 32 பேரில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் ஐந்து பேர், உருது பேசுகிறவர்கள் நான்கு பேர். ஆங்கில வழி வகுப்பில் படித்து, தமிழை எழுத்துக் கூட்டி மட்டும் படிப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பேர். இருமொழிப் புத்தகம் இருந்தால் ஒருத்தி தமிழைப் படிப்பாள், பக்கத்தில் இருப்பவள் ஆங்கிலத்தைப் படிப்பாள், படத்தைப் பார்த்து இரண்டு பேரும் ஒத்துப் பார்த்துக்கொள்வார்கள். விலைதான் கையைக் கடிக்கும். நான் விசாரித்தவை ஏறக்குறைய இருநூறு ரூபாய். 4,000 ரூபாய்க்கும் அதையே வாங்கினால் 20 புத்தகம்தான் வரும்.

தாரா புக்ஸையும் சொல்லாமல் விட மனமில்லை. 1994இல் தொடங்கி, கையால் செய்த தாளில் கையாலேயே அச்சடித்து, கையாலேயே தைத்த புத்தகங்களை உலகம் முழுக்க அனுப்புகிறவர்கள், திருவான்மியூரில் இருக்கிறார்கள். முறுக்குத் தின்ற கையோடு 32 பேர் புரட்டுவதற்கான விலை அது இல்லை. ஆனால் ஒரே ஒரு பிரதியை இரவல் வாங்கி, ஒரு நாள் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, கையைக் கழுவிவிட்டு வந்து அந்தத் தாளைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று ஆசை. மையின் மேடு விரலில் தட்டும். ஓட்டுக்காக இல்லை, புத்தகம் இப்படியும் இருக்கலாம் என்று அவர்கள் கை ஒரு முறை தெரிந்துகொள்வதற்காக.

விலையை விட்டுவிட்டுப் பக்கத்துக்குள் போனால் வேறு ஒப்பீடு தொடங்குகிறது. எனக்கு இதுதான் முக்கியம், இங்கேதான் பெரியவர்கள் நாம் ஏமாறுகிறோம். நாம் அட்டையையும் கருத்தையும் பார்த்து வாங்குகிறோம். பிள்ளை வரியில் மாட்டிக்கொள்கிறது.

ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பூனைக் கதை படித்துக்கொண்டிருந்தாள். விரலை வைத்து, தலையை ஆட்டி ஆட்டி, "பார்த்துக்கொண்" என்று படித்து நின்றுவிட்டாள். "கொண்-னா இன்னா மிஸ்?" எட்டிப் பார்த்தேன். 'பார்த்துக்கொண்டிருந்தது' என்ற சொல் வரியின் ஓரத்தில் இடம் போதாமல் உடைந்திருந்தது. 'பார்த்துக்கொண்' மேல் வரியில், 'டிருந்தது' கீழ் வரியில். நடுவில் ஒரு கோடுகூட இல்லை. நமக்குக் கண் தானாகத் தாவிவிடும். எழுத்து எழுத்தாக ஏறி வருகிற குழந்தைக்கு அது பாதிப் படியில் கை நழுவுவது மாதிரி. தமிழில் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளும், அதனால் தமிழ்ப் படப் புத்தகங்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். இப்போதெல்லாம் கடையில் புத்தகத்தை எடுத்தவுடன் கதையைப் பார்ப்பதற்கு முன்னால் வலது ஓரத்தைத்தான் பார்க்கிறேன். எங்கேயாவது சொல் உடைந்திருந்தால் ஒன்றாம் வகுப்புக்கு வேண்டாம். படத்தின் மேலேயே எழுத்தை அச்சிட்டிருக்கும் புத்தகமும் வேண்டாம். அடர்ந்த காட்டுப் படத்தின் மேல் கறுப்பு எழுத்து இருந்தால் கொம்பு எது, கிளை எது என்று ஆறு வயதுக் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது பேச்சு. கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், அது அவர்கள் கற்க வேண்டிய தமிழ். ஆனால் கதையில் வரும் தம்பி தன் அக்காவிடம் "நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று கேட்டால் மாடியே சிரிக்கிறது. எந்தத் தம்பி அப்படிக் கேட்பான்? "என்னக்கா பண்றே?" என்று அச்சில் பார்த்ததும் தயங்கித் தயங்கிப் படிக்கிற பையன்கூட ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறான், அந்தச் சொல் ஏற்கெனவே அவன் வாயில் இருக்கிறது. பேச்சு வரிகள் பேச்சுத் தமிழிலேயே இருக்கும் புத்தகத்துக்கு நான் தயங்காமல் இரண்டு மதிப்பெண் கூடப் போடுவேன். சில ஆசிரியர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை, பிள்ளை தப்பாக எழுதக் கற்றுக்கொள்ளும் என்கிறார்கள். நான் பார்த்தவரை பிள்ளைகளுக்கு இரண்டும் வேறு வேறு என்று நன்றாகவே தெரிகிறது.

மூன்றாவது, படம். கடலைப் பற்றிய ஒரு புத்தகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நீலக் கடல், அலை மேல் சிரிக்கும் சூரியன், தண்ணீருக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன். எங்கள் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் காசிமேட்டிலிருந்து வருகிறவர்கள். அப்பா கடலுக்குப் போகிறவர், அல்லது அம்மா மீன் விற்கிறவர். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி படத்தில் விரலை வைத்தாள்.

"இது இன்னா மீன் மிஸ்?"

"மீன்தான். புத்தகத்துல மீன்னுதான் போட்டிருக்கு."

"பேர் இல்லாத மீனு ஏது மிஸ்?"

பக்கத்தில் இருந்தவன் சங்கரா என்றான், நிறத்தை வைத்து. இன்னொருவன், சங்கராவுக்கு வால் இப்படி இருக்காது என்றான். ஐந்து நிமிடம் வஞ்சிரம், கானாங்கத்தை, காரப்பொடி, நெத்திலி என்று ஒரு சந்தையே நடந்தது. கடைசியில் அது கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன், கடல் மீனே இல்லை என்று தீர்ப்பானது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்கள். கதை நல்ல கதைதான். ஆனால் தங்களுக்குத் தெரிந்த ஒரு பொருளை வரைந்தவர் கவனிக்காமல் வரைந்திருக்கிறார் என்று பட்டுவிட்டால் அப்புறம் அந்தக் கதையை அவர்கள் நம்புவதில்லை. இதற்காக வடசென்னைப் பிள்ளைக்கு வடசென்னைக் கதையே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பார்த்தே இராத ஒட்டகத்தைப் பற்றிய கதையை இவர்கள் மூன்று முறை கேட்டு வாங்கிப் படித்தார்கள். வரைந்தவர் அந்த ஒட்டகத்தின் முட்டியைக்கூட உற்றுப் பார்த்து வரைந்திருந்தார்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்து, கடைப் புத்தகம் மட்டும் என்று முடிவு செய்தேன். நாங்கள் அச்செடுத்ததையும் கடையில் வாங்கியதையும் ஒரே பட்டியலில் கலப்பதில்லை. கலந்தால் போன வருடம் மாதிரியே அட்டைக்குத்தான் ஓட்டு விழும். எல்லாமே அச்செடுத்தவை என்றால் அதுவும் நியாயமான போட்டிதான். பணமே இல்லாத இடத்தில் அதைத்தான் செய்யச் சொல்வேன், வண்ணத்தில், எல்லாம் ஒரே அளவில். எங்களிடம் 4,000 இருப்பதால் கணக்கு இப்படி வருகிறது. மொத்தம் ஆறு புத்தகம், ஒவ்வொன்றிலும் நான்கு பிரதி. மூன்று புத்தகம் இருமொழி, இருநூறு ரூபாய் விலையில், 12 பிரதிக்கு 2,400. மூன்று புத்தகம் தமிழ் மட்டும், அறுபது ரூபாய் விலையில், 12 பிரதிக்கு 720. மொத்தம் 3,120. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் அட்டை. மடிப்பு, பொம்மை, துளை, பொத்தான் வைத்த புத்தகம் ஒன்றும் கிடையாது.

நான்கு பிரதி எதற்கு என்றால், 32 பேரை எட்டு எட்டாக நான்கு குழுவாக்கி, இரண்டு பேருக்கு ஒரு புத்தகம். மூன்றாம் வகுப்போடு ஒன்றாம் வகுப்பைச் சேர்த்து உட்காரவைப்போம். வாரம் ஒரு புத்தகம். நான்கு குழுவிடம் நான்கு புத்தகம் இருக்கும்போது மீதி இரண்டை நான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன். ஆறு வாரத்தில் ஆறும் எல்லோர் கையிலும் சுற்றி வந்துவிடும். மூன்று பிரதி போதாதா என்று கணக்குப் பார்த்தோம். மூன்று பேருக்கு ஒன்று என்றால் நடுவில் உட்கார்ந்தவர்தான் படிக்கிறார், ஓரத்தில் இருப்பவர் முதுகைத்தான் பார்க்கிறார். அதனால் எட்டுப் புத்தகம், மூன்று பிரதி என்ற யோசனையைக் கைவிட்டேன்.

மீதி 880 ரூபாயைத் தொடப்போவதில்லை. ஜெயிக்கும் புத்தகத்தில் அந்தப் பணத்துக்கு எத்தனை வருமோ அத்தனை பிரதி வாங்கி, வாரா வாரம் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். போன வருடம் ஓட்டு முடிந்ததும் கைதட்டிவிட்டுக் கலைந்துவிட்டோம். "அப்புறம் இன்னா மிஸ்?" என்று ஒருவன் கேட்டான், என்னிடம் பதில் இல்லை. தங்கள் ஓட்டால் ஏதோ ஒன்று மாறியது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஓட்டுப் போடும் முறைக்கு வருகிறேன். கை தூக்குவது சுலபம், ஆனால் கிரிக்கெட்டில் கேப்டனாக இருப்பவன் எதற்குத் தூக்குகிறானோ அதற்கு ஆறு கை கூடவே எழும். சார்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதும் அதேதான், எங்கே கூட்டமோ அங்கேயே இன்னும் ஒட்டுவார்கள். அட்டைப்படம் அச்சிட்ட சீட்டில் டிக் அடிப்பது நல்ல முறை, ஒன்றாம் வகுப்புக்கும் புரியும். அதை எடுத்துக்கொண்டால் தப்பில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது புளியங்கொட்டை. வாசிப்பு இயக்கப் புத்தகங்களை வைத்து மே மாதம் ஒத்திகை பார்த்தோம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளியும் லீவு, அப்பாக்களும் கரையில். எல்லோரும் இருந்தார்கள். ஆளுக்கு மூன்று கொட்டை. மூன்றையும் ஒரே புத்தகத்துக்கும் போடலாம், பிரித்தும் போடலாம். ஆளுக்கு ஒரே ஓட்டு என்றால் ஆறு புத்தகத்தில் ஒன்பது, பத்து வாங்கியதே ஜெயித்துவிடும். மற்ற இருபது பேர் முகம் தொங்கிவிடும். மூன்று கொட்டை என்றால் இரண்டாவதாகப் பிடித்ததற்கும் இடம் இருக்கிறது. முதலில் டின்னில் போடச் சொன்னோம். கொட்டை விழுகிற சத்தத்தைக் கேட்டே எந்த டின் நிறைந்திருக்கிறது என்று வெளியில் நின்றவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். உடனே மஞ்சப்பைக்கு மாற்றினோம். கயிற்றில் வரிசையாக மஞ்சப்பை, ஒவ்வொன்றிலும் அட்டைப்படம் குத்தியிருக்கும், முன்னால் ஒரு பழைய புடவைத் திரை. ஒவ்வொருவராக உள்ளே போய் வர வேண்டும். ஒரு பெண் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. பிறகு கேட்டால், இரண்டைத் தனக்குப் பிடித்ததற்குப் போட்டுவிட்டு மூன்றாவதைத் தன் தோழிக்குப் பிடித்ததற்குப் போட்டிருக்கிறாள். "அதுக்கு யாரும் போடலன்னா அவ அழுவா மிஸ்."

இதைப் பார்த்த ஒரு பெரியவர், நம் குடவோலை மாதிரியே இருக்கிறதே என்றார். உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள குடவோலை இது இல்லை. அங்கே ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள், அது குலுக்கல். ஆனால் பெரியவர்கள் சபையில் அந்த ஓலையை எடுக்க ஒரு சின்னப் பையனைத்தான் நம்பினார்கள் என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எண்ணுவதும் அவர்களே. தரையில் பத்துப் பத்தாக வரிசை வைத்து எண்ணுவார்கள். ஆகஸ்டில் 32 பேரும் வந்தால் 96 கொட்டை. ஆறில் நான்கையாவது படித்தவருக்குத்தான் கொட்டை, அதற்கு ஆளுக்கு ஒரு சின்ன அட்டை, படித்ததும் கட்டைவிரல் மை பதிப்போம். குழந்தைகள் தினத்தன்று வைத்தால் என்ன என்று கேட்டார்கள். நவம்பர் 14 சென்னையில் மழைக்காலம். கொட்டகையில் சாரல் அடிக்கும், பள்ளிக்கு லீவு விட்டால் பிள்ளைகளும் வர மாட்டார்கள். ஆகஸ்டே நல்லது.

ஒன்றே ஒன்று பாக்கி, ஆறு புத்தகத்தை யார் தேர்ந்தெடுப்பது என்பது. ஆறையும் நானே எடுத்தால் அவர்கள் என் ரசனைக்குள்தான் ஓட்டுப் போடுவார்கள். ஆறையும் அவர்களிடமே விட்டால் கடையில் கண்ணில் படும் முதல் பளபளப்பில் நின்றுவிடுவார்கள், வலது ஓரத்தில் உடைந்த சொல்லை அவர்களுக்குப் பார்க்கத் தெரியாது. நான்கை நான் எடுத்துவிட்டேன். இரண்டை மூன்றாம் வகுப்பில் நால்வர் எடுக்கப் போகிறார்கள். வரும் சனிக்கிழமை தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, வண்டி மாறாமல் தேனாம்பேட்டையில் இறங்கி, பாரதி புத்தகாலயத்துக்குப் போகிறோம். ஒருவன் தன் ஒன்றாம் வகுப்புத் தங்கையையும் கூட்டி வரலாமா என்று கேட்டான். எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று அவள்தான் படித்துப் பார்த்துச் சொல்வாளாம். சரி என்றேன். மீனுக்குப் பெயர் கேட்ட பெண்ணும் அந்த நால்வரில் ஒருத்தி. மீன் பேரோடு ஏதாவது புத்தகம் அங்கே இருக்குமா என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தேடிப் பார்ப்போம், இல்லையென்றால் ஸ்டோரிவீவரில் நாமே ஒன்று எழுதலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதே பெயர்களை நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள். நேற்று வரை பதினேழு வந்திருக்கிறது.